கவனக்குறைவுக்கு எத்தனை ஆண்டு?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘சாலை விபத்தும் சட்டமும்’ என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இழப்பீடு, காப்பீடு, உரிமம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பேசினால் நூலகத்தைப் பூட்டும் நேரம் தாண்டிவிடும். ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தாறுமாறாக வண்டி ஓட்டி ஓர் உயிரைப் பறித்தவருக்கு என்ன தண்டனை என்பதை நீதிமன்றம் எதை வைத்து முடிவு செய்கிறது? டீக்கடையில் நம் ஆட்கள் இதை இரண்டு விதமாகப் பேசுவார்கள். ‘ஆளைக் கொன்னுட்டு ஆயிரம் ரூபா கட்டிட்டுப் போயிடுறான்’ என்பது ஒன்று. ‘பாவம் டிரைவர், வேணும்னா செஞ்சான்?’ என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆள் வாயிலிருந்தே வரும். செத்தது யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பொறுத்து மாறும்.

மும்பையில் நடந்த வழக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2006 நவம்பர் 12, அதிகாலை. பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில் நடைபாதையில் கூலித் தொழிலாளர்கள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கார் ஒன்று அவர்கள் மேல் ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஓட்டிய இளைஞர் குடித்திருந்தார். ரத்தப் பரிசோதனையில் அது உறுதியானது. விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். ஏழு உயிருக்கு ஆறு மாதமா என்று ஊரே கொதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்து அதை மூன்று ஆண்டாக்கியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆர்.எம். லோதா, இந்த மூன்று ஆண்டே மிகக் குறைவு, ஆனால் கூட்டச் சொல்லி மாநில அரசு மேல்முறையீடு செய்யவில்லையே என்றும் குறிப்பிட்டார். அரசு ஒரு மனு போட்டிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

அதே கார், அதே ஏழு பேர், அதே போதை. ஆறு மாதம் எப்படி மூன்று ஆண்டானது? பிணங்களின் எண்ணிக்கை கூடவில்லை. பிரிவு மாறியது, அவ்வளவுதான். விசாரணை நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் நின்றது. உயர் நீதிமன்றம் 304 இரண்டாம் பகுதிக்குப் போனது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் ஓட்டுநரின் மனத்துக்குள் இருக்கிறது.

அந்த மனத்தை அளக்கும் கோல் மிகப் பழையது. 1881-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. ஒருவன் தன் மனைவியின் விலாவில் அடித்தான். மண்ணீரல் கிழிந்து அவள் இறந்தாள். அந்த வழக்கில் நீதிபதி ஸ்ட்ரெய்ட் சொன்ன விளக்கத்தைத்தான் இன்றுவரை லாரி ஓட்டுநர்களுக்கும் பொருத்திக்கொண்டிருக்கிறோம். வேடிக்கை என்னவென்றால் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியதே 1886-இல்தான். ஸ்ட்ரெய்ட் சொன்னதன் சாரம் இது. ஆபத்து வரலாம் என்று தெரிந்தும், ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கையில் துணிவது ஒரு வகை. எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காமல், ஆபத்து மனத்தில் படாமலே நடந்துகொள்வது இன்னொரு வகை. வளைவில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாமல் லாரியை முந்துகிறவர் முதல் வகை. பின்பக்கம் ஆள் நிற்பதைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பவர் இரண்டாம் வகை. இரண்டுக்கும் ஒரே பிரிவு, 304ஏ.

இந்த இரண்டையும் தாண்டி ஒரு படி உண்டு. ‘இப்படிச் செய்தால் ஆள் சாவான்’ என்பது தெரிந்தே செய்வது. கொல்லும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை, தெரிந்திருந்தாலே போதும். அதுதான் 304 இரண்டாம் பகுதி. பத்து ஆண்டு வரை சிறை. நிலை தடுமாறும் அளவுக்குக் குடித்துவிட்டு, ஆட்கள் நடைபாதையில் தூங்குகிற சாலையில் காரை விரட்டுகிறவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? கார்ட்டர் சாலை வழக்கின் முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது.

இப்போது சட்டத்தின் பெயர் மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. பழைய 304ஏ இனி 106-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. 304ஏ-யை 1860 சட்டத்தில் 1870-இல்தான் சேர்த்தார்கள். அன்று வைத்த உச்சத் தண்டனை இரண்டு ஆண்டு. பேருந்து, நான்கு வழிச்சாலை எல்லாம் வந்த பிறகும் அந்த இரண்டு ஆண்டு அசையவில்லை. 2009-இல் சட்ட ஆணையம் தன் 234-ஆவது அறிக்கையில் அதைப் பத்தாக்கச் சொன்னது. கடைசியில் ஐந்தாக்கினார்கள். இன்னொரு மாற்றமும் உண்டு, பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதவில்லை. பழைய பிரிவில் ‘சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்’ என்று இருந்தது. வெறும் அபராதத்தோடு வீட்டுக்குப் போகலாம். புதிய பிரிவில் சிறையும் உண்டு, அதோடு அபராதமும் உண்டு. டீக்கடை நண்பர் சொன்ன ஆயிரம் ரூபாய் வழி, உயிரிழப்பு வழக்குகளில் அடைபட்டுவிட்டது.

அடைபட்டது என்று நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக் கேளுங்கள். ஐந்து ஆண்டு என்பது மேல் வரம்பு மட்டும்தான். கீழ் வரம்பு எதுவும் கிடையாது. நீதிமன்றம் கலையும் வரை சிறை என்று ஒரு தண்டனை இருக்கிறதல்லவா? காலையில் தீர்ப்பு, மாலை வரை ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு வீட்டுக்குப் போகலாம். அதுவும் சிறைத் தண்டனைதான். இன்னொரு பக்கம், இந்த வழக்கை விசாரிப்பவர் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர். அவரால் மூன்று ஆண்டுக்கு மேல் தண்டிக்க முடியாது. அதற்கு மேல் தேவை என்று நினைத்தால் வழக்கைத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். இது பிணையில் விடத்தக்க குற்றமும்கூட. ஆக ஐந்து ஆண்டு என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் சரி, மகிழ்கிறவர்களும் சரி, அவசரப்பட வேண்டாம். 2024 ஜூலைக்கு முன் நடந்த விபத்துக்குத் தீர்ப்பு இன்று வந்தாலும் பழைய இரண்டு ஆண்டுதான். குற்றம் நடந்த நாளில் இருந்த தண்டனையைவிடக் கூடுதலாகத் தரக்கூடாது என்று அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு கையைக் கட்டியிருக்கிறது.

யாருக்கும் அடிபடாமல் வெறுமனே தாறுமாறாக ஓட்டினால்? பழைய 279, இப்போதைய 281. ஆறு மாதம் அல்லது ஆயிரம் ரூபாய். 1860-இல் ஆயிரம் ரூபாய் ஒரு சொத்து. இன்று அது ஒரு முழு டேங்க் பெட்ரோலுக்குக்கூடப் போதாது. பெயரை மாற்றியவர்கள் தொகையைத் தொடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவை 2019-இல் திருத்தி, ஆபத்தாக ஓட்டுவதற்கு முதல் முறை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் முதல் ஐயாயிரம் வரை அபராதம் என்று வைத்தது ஓரளவு ஆறுதல்.

எண்களை ஒரு முறை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாம், 17,884. இவற்றில் எத்தனை வழக்குகள் தண்டனை வரை போய்ச் சேர்கின்றன என்பதைத் தீர்மானிப்பது சட்டப் புத்தகம் இல்லை. காவல் நிலையத்து வழக்குக் கட்டு.

அந்தக் கட்டைப் பிரித்துப் பார்ப்போம். மேலே முதல் தகவல் அறிக்கை. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி’ என்ற வரி அதில் கட்டாயம் இருக்கும். எந்த ஊர்க் காவல் நிலையமானாலும் மாறாது. அடுத்துப் பார்வை மகஜர், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு. அதன்கீழ் மாதிரி வரைபடம். வெள்ளைத் தாளில் இரண்டு கோடு, அது சாலை. நடுவில் ஒரு பெருக்கல் குறி, அது சம்பவ இடம். வடக்கைக் காட்டும் அம்பு. ஓரத்தில் ஒரு புளியமரம். சாலை எத்தனை அடி அகலம், மோதிய இடம் இடது ஓரத்திலிருந்து எத்தனை அடி, டயர் தேய்த்துப் போன தடம் எவ்வளவு நீளம், கண்ணாடித் துண்டுகள் எங்கே கிடந்தன, தெருவிளக்கு எரிந்ததா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் அதிர்ஷ்டம். கடைசியில் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை: பிரேக் சரியாக உள்ளது, விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல.

சாட்சி கூண்டில் ஏறுகிறார். வண்டி எப்படி வந்தது? ‘ரொம்ப வேகமா வந்துச்சுங்க.’ குறுக்கு விசாரணையில் எதிரி தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். நீங்கள் வண்டியை முதலில் எப்போது பார்த்தீர்கள்? ‘சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேங்க.’ அத்தோடு முடிந்தது. சத்தத்துக்குப் பிறகு திரும்பியவர் மோதலுக்கு முந்தைய ஓட்டத்தைப் பார்க்கவே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டு விடுதலை வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அது என் தொழில். அதில் எனக்கு வெட்கம் இல்லை. வேகமாக வந்தது என்பது மட்டுமே அஜாக்கிரதைக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றமே 1998-இல் கர்நாடக லாரி வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. அதற்கும் முன்பு, 1979-இல், இன்னொரு கர்நாடக வழக்கு. சாலையின் குறுக்கே ஓடிய சிறுமியைக் காப்பாற்றப் பேருந்தை வலதுபுறம் ஒடித்தார் ஓட்டுநர், ஆனால் குழந்தை பிழைக்கவில்லை. விபத்து நடந்துவிட்டது, ஆகவே தவறு ஓட்டுநருடையதுதான் என்று கிரிமினல் வழக்கில் ஊகிக்க முடியாது என்று சொல்லி அவரை விடுவித்தார்கள். சரியான தீர்ப்பு என்பது என் கருத்து. அந்த ஓட்டுநரின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பியிருப்பீர்கள்?

குடித்திருந்தாரா என்பதிலும் இதே கதைதான். ‘மது அருந்தியுள்ளார், ஆனால் போதையில் இல்லை’ என்று மருத்துவச் சான்றிதழில் ஒரு வரி வந்துவிட்டால் 304 இரண்டாம் பகுதியை மறந்துவிட வேண்டியதுதான். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். ஆனால் ரத்தத்தை எப்போது எடுத்தார்கள்? ஆல்கஹால் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். காலை வரை எங்கோ ஒளிந்திருந்துவிட்டு வக்கீலோடு வந்து சரணடைகிறவருக்கு இது நன்றாகத் தெரியும்.

சரி, குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நடுவர் கேட்கிறார்: ‘தண்டனை குறித்து ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ கூண்டில் நிற்பவர் கையைக் கட்டிக்கொள்கிறார். ‘ஐயா, ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குங்க. அம்மாவுக்கு வயசாயிருச்சு. வேற வருமானம் இல்லைங்கய்யா.’ எல்லாம் உண்மையாகவே இருக்கும். வராந்தாவில் பெஞ்சில் இன்னொரு பெண் உட்கார்ந்திருப்பார், மடியில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் கணவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இந்த நிமிடத்தில் நடுவருக்கு வழிகாட்ட இந்தியச் சட்டத்தில் எதுவும் எழுதப்படவில்லை. இங்கிலாந்தில் தண்டனை வழிகாட்டு நெறிகளை வகுப்பதற்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது. ஓட்டுநரின் குற்றப் பொறுப்பைத் தரம் பிரித்து, எந்தத் தரத்துக்கு எங்கே தொடங்குவது என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில், குற்றவியல் நீதி முறைச் சீர்திருத்தத்துக்காக அமைந்த மலிமத் குழு 2003-இல் அப்படியொன்று வேண்டும் என்றது. 2008-இல் மாதவ மேனன் குழுவும் அதையே சொன்னது. இன்னும் வரவில்லை.

அதனால் தீர்ப்புகளைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. படித்தால் தலை சுற்றும். 1979-இல் பஞ்சாப் லாரி ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இரண்டு ஆண்டுத் தண்டனையைக் குறைக்க மறுத்தார். ஆனால் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிரிமினல் சட்டம் எதுவும் செய்வதில்லையே என்று வருந்தினார். சிறையில் இருக்கும் ஓட்டுநருக்குப் பொறுப்பாக ஓட்டக் கற்றுக் கொடுங்கள் என்றும் எழுதினார். 2000-இல் நீதிபதி கே.டி. தாமஸ், சைக்கிளில் போனவரை மோதிக் கொன்ற பேருந்து ஓட்டுநர் வழக்கில், இத்தகைய குற்றத்துக்கு நன்னடத்தைச் சட்டச் சலுகை கிடையாது என்று கதவை மூடினார். தொழில்முறை ஓட்டுநர் ஒவ்வொரு நிமிடமும் சிறைக்குப் பயந்தபடியே ஓட்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் தொனி.

பணம் கொடுத்துத் தண்டனையைக் குறைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. பஞ்சாபில் ஒரு காரோட்டி இரண்டு பேரைக் கொன்றார். நடுவர் ஓராண்டு கொடுத்தார். உயர் நீதிமன்றம், 85,000 ரூபாய் இழப்பீடு கட்டிவிட்டார் என்று சொல்லி, அதுவரை சிறையில் இருந்த 24 நாளே போதும் என்றது. 2015 மார்ச்சில் நீதிபதி தீபக் மிஸ்ரா அமர்வு இதை ஏற்கவில்லை. ஆறு மாதம் உள்ளே போகச் சொன்னது. சட்டம் இயற்றுகிறவர்கள் 304ஏ-யைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. ரொம்பச் சரி. ஆனால் அதற்கு மூன்று ஆண்டு முன்பு அதே உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? 1999 ஜனவரி 10, டெல்லி லோதி காலனி, பி.எம்.டபிள்யூ. கார். மூன்று காவலர்கள் உட்பட ஆறு பேர் பலி. ஓட்டியவர் ஒரு பெரிய குடும்பத்து இளைஞர். விசாரணை நீதிமன்றம் ஐந்து ஆண்டு கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 304ஏ-வுக்கு இறக்கி இரண்டாக்கியது. 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் குற்றம் 304 இரண்டாம் பகுதிதான் என்று மறுபடி மேலே ஏற்றியது. தண்டனையை மட்டும் ஏற்றவில்லை. சிறையில் இருந்த காலமே போதும், 50 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், இரண்டு ஆண்டு சமூக சேவை செய்ய வேண்டும் என்றது. அந்த 50 லட்சம், மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களுக்குப் போக வேண்டும் என்றார்கள். நல்ல நோக்கம்தான். இருந்தாலும் ஒரு லாரி டிரைவரால் 50 லட்சம் கட்ட முடியுமா? குற்றம் பெரியது என்று அறிவித்துவிட்டுத் தண்டனையைப் பழைய அளவிலேயே விட்டது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

இழப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனி வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பேருந்து, தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியை உரசிப் போனது. மின்சாரம் பாய்ந்து உயிர் போனது. கிரிமினல் வழக்கில் அது கடவுள் செயல் என்று ஓட்டுநர் விடுதலையானார். ஆனால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அஜாக்கிரதை என்று முடிவு செய்து பணம் கொடுக்கச் சொன்னது. 1980-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. கிரிமினல் வழக்கில் விடுதலை ஆனாலும் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கிடைக்கும் என்பதை எத்தனையோ குடும்பங்கள் இன்றும் அறிவதில்லை.

நீதிமன்றங்கள் கையில் இருந்தும் அதிகம் எடுக்காத ஆயுதம் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. வண்டியைக் கொண்டு குற்றம் செய்து தண்டனை பெற்றவர் இத்தனை காலம் உரிமம் வைத்திருக்கக் கூடாது என்று அதே தீர்ப்பில் எழுதிவிட முடியும். சிறையில் மூன்று மாதம் இருந்துவிட்டு நான்காம் மாதம் அதே நெடுஞ்சாலையில் அதே வேகத்தில் ஓட்டுகிறவரை அந்த மூன்று மாதம் என்ன செய்தது? இங்கிலாந்தில் ஆபத்தாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால் குறைந்தது ஐந்து ஆண்டு ஸ்டியரிங்கைத் தொட முடியாது. நம் தீர்ப்புகளில் கடுங்காவலா மெய்க்காவலா என்று பக்கம் பக்கமாக விவாதம் இருக்கும். உரிமம் பற்றி ஒரு வரி இருக்காது. பிழைப்பே ஓட்டுவதுதான் என்பவருக்கு இது சிறையைவிடக் கொடுமை என்பார்கள். அரசுப் பேருந்து ஓட்டுநருக்குத் தண்டனை என்றால் வேலையும் ஆட்டம் காணும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருவரைக் கொன்ற ஓட்டத்துக்குச் சிறை சரி, ஓட்டத் தடை கொடுமை என்ற வாதம் எனக்குப் பிடிபடவில்லை.

மோதிவிட்டு நிற்காமல் போகிறவர்களுக்குப் பத்து ஆண்டு என்று புதிய சட்டத்தில் 106-இன் இரண்டாம் உட்பிரிவு இருக்கிறது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திப் போராடினார்கள். அரசு அந்த உட்பிரிவை மட்டும் அமலுக்குக் கொண்டுவராமல் வைத்தது. ‘நின்றால் ஊர் அடித்தே கொன்றுவிடும்’ என்று அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. அடிக்கிற கூட்டத்தில் நம்மவர்களும் இருக்கிறார்கள். காவல் நிலையத்துக்கோ நடுவருக்கோ போய்த் தகவல் சொன்னால் அந்தப் பத்து ஆண்டு பொருந்தாது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தால் போலீஸ் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இனி வேண்டாம். உதவுகிறவர்களைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. 2019-இல் 134ஏ என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். உதவி செய்தவர் பெயரைக்கூடச் சொல்லக் கட்டாயம் இல்லை. ஆனால் மோதலுக்கு முன்பே அந்த வண்டி எந்தப் பக்கம் வந்தது என்பதை நீங்கள் பார்த்திருந்தால், அன்றே போய் வாக்குமூலம் கொடுங்கள். கடை வாசலில் கேமரா வைத்திருப்பவர்கள், காட்சி தானாக அழிவதற்குள் விசாரணை அதிகாரியைக் கூப்பிட்டுக் கொடுங்கள். வருடங்கள் கழித்து அழைப்பாணை வரும்போது, ‘அதெல்லாம் மறந்துபோச்சு’ என்று சொல்லாமல் ஒரு நாள் நீதிமன்றத்துக்கு வாருங்கள்.